வினாயகமூர்த்தி போட்ட முன்தோட்டம்

பெரியகல்லாற்றில் வினாயகமூர்த்தியின் முகம் தெரியாதவர்கள் இருக்கக்கூடும். அவருடைய பஸ் ஹோர்னைத் தெரியாதவர்கள் இல்லை. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டினார். ஆட்டுக்குட்டிக்கு ஒரு ஹோர்ன், சைக்கிளில் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு ஹோர்ன், தன் வீட்டு ஒழுங்கையைக் கடக்கும்போது மனைவி சீதேவிப்பிள்ளைக்கென்று ஒரு குட்டி ஹோர்ன். அறுபது வயதானதும் மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. வேலையில்லாத ஆண்பிள்ளை வீட்டிலிருந்தால் என்ன நடக்கும் என்று பெண்பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள். அதுவும் அது அவருடைய வீடு இல்லை. இந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை கட்டிய வேட்டியோடும் ஒரு சூட்கேசோடும் வந்து சேருவார். வினாயகமூர்த்தியும் அப்படித்தான் முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால் வந்தார். மாமியார் தன் வளவை இரண்டாகப் பிரித்து மூத்தவள் சீதேவிப்பிள்ளைக்கு ஒரு பாதியும் இளையவள் வள்ளிப்பிள்ளைக்கு மறுபாதியும் எழுதினார். நடுவிலிருந்த கிணற்றைப் பிரிக்க முடியாது என்பதால் அது இரண்டு பேருக்கும் பொது. வேலி கிணற்றடிக்கு வந்ததும் நின்றுவிடும், அந்தப் பக்கம் போய்த்தான் மறுபடி தொடங்கும். அக்காவும் தங்கச்சியும் நாள் விடிந்தால் பொழுதுபட்டால் சந்திக்கிற இடம் அது.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள மணல் துண்டுதான் ஊர். வாவியை இங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். இந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் கிடைப்பதே பெரிய காரியம். சுனாமி வந்து ஊர்க்கிணறு முழுவதும் கடலாகிப்போன வருடத்தில், ஒழுங்கையிலேயே முதன்முதலில் நல்ல தண்ணீருக்குத் திரும்பியது இவர்கள் கிணறுதான். அந்த மாதங்களில் வினாயகமூர்த்தி பஸ்ஸில் அகதிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கிணறு எப்படித் தேறியது என்று அவர் கேட்கவில்லை. நல்ல ஊற்று என்று நினைத்துக்கொண்டார்.

வேலை விட்ட இரண்டாம் மாதம் ஊர் மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். விவசாயப் போதனாசிரியை உசாந்தி, வயதில் சின்னப்பிள்ளைதான், படம் போட்டுக் காட்டி விளக்கினாள். வீட்டு முன்பக்கத்தைக் கொங்கிறீட்டாலும் இன்டர்லொக் கல்லாலும் மூடுகிறோம், மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது, கிணறு சவராகி உப்புக் கரிக்கிறது. முற்றத்தில் ஒரு பள்ளம் எடுங்கள், தேங்காய்ப் பொச்சுமட்டையை நிரப்புங்கள், கூரைத்தண்ணீரை அதற்குள் விடுங்கள், சுற்றிவர ஊர்ச்செடிகளை நடுங்கள், சருகை எரிக்காமல் செடியடியில் போடுங்கள். நல்ல புத்திதான். ஆனால் அது கல் பதித்தவர்களுக்குச் சொன்ன புத்தி. கல் பதித்தவர்கள் தேத்தண்ணீரும் பனிசும் முடிந்ததும் எழும்பிப் போய்விட்டார்கள். சீதேவிப்பிள்ளையின் முற்றம் வெறும் வெள்ளை மணல். எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணித்தியாலத்தில் குடித்துவிடும். அதில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாத மனிதர்தான் முன்வரிசையில் இருந்து கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்தார்.

முன்மாதிரியான தோட்டத்துக்குக் கேற்றடியில் பெயர்ப்பலகை வைப்போம் என்று உசாந்தி கடைசியாகச் சொன்னாள். தன் பெயரை அந்தக் கேற்றில் வினாயகமூர்த்தி அப்போதே வாசித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் ஈர்க்குச்சியால் கோடு கீறினார். சீதேவிப்பிள்ளை விளக்குமாற்றோடு வந்து நின்றாள். காலையும் மாலையும் அந்த முற்றத்தைக் கூட்டி, ஒரு சருகு இல்லாமல் மணலில் விளக்குமாற்றின் கோடு விழ வைத்திருப்பவள். சருகு கிடக்கிற முற்றத்தை இங்கே இழவு விழுந்த வீடு என்பார்கள்.

"என்ன இது, கிளித்தட்டு விளையாடக் கீறுறீங்களா?"

"தோட்டம். சூழலுக்கு ஏத்த மாதிரி. நீ பாத்துக்கொண்டிரு."

"முத்தத்தில குப்பையப் போட்டு வச்சா வாற சனம் என்ன சொல்லும்?"

"சனம் வந்து படமெடுத்துக்கொண்டு போகும்."

அவள் சிரிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த வளவில் அவர் ஒரு மிளகாய்க் கன்று வைத்ததில்லை. வைக்காதே என்று யாரும் சொன்னதில்லை, வையுங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "இவ்வளவு காலமும் இது உங்கட வளவில்ல எண்டு மனசில கிடந்துதா?" என்று கேட்டாள். "சேச்சே, அப்படியொண்டுமில்ல" என்று சொல்லிக் குனிந்துகொண்டார். அவளுக்குப் போதுமான பதில் அது. மறுநாள் முற்றத்தின் பாதியைக் கூட்டாமல் விட்டாள்.

வேலை என்று இறங்கினால் வினாயகமூர்த்தி விட்டுவைக்கிற ஆள் இல்லை. இடுப்பளவு பள்ளம் எடுத்தார். பொச்சுமட்டையைக் குப்புற அடுக்கி மணல் போட்டார். கூரைப் பீலித் தண்ணீரை அதற்குத் திருப்பினார். கரையில் வெட்டிவேர், ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும், வெயில் விழுகிற இடத்தில் நித்தியகல்யாணி, வேலியோரம் ஆடாதோடையும் நொச்சியும் செவ்வரத்தையும். ஒன்றும் காசு கொடுத்து வாங்கியதில்லை, எல்லாம் ஊருக்குள் கேட்டு வாங்கிய தடிகள். சீதேவிப்பிள்ளை தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்து வல்லாரையை நட்டாள். அந்த ஐப்பசி மாதம் அவர்கள் இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தார்கள். அதை மறைத்துச் சொல்லக்கூடாது.

அவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. உசாந்தி சொன்னதற்கு மேலே இரண்டு காரியம் அவர் தன்புத்தியில் செய்தார்.

ஒன்று, கேற்றடி மேடு. முற்றம் கூட்டுகிறவர்கள் கடைசியில் மணலைக் கேற்றடிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். நாளாந்தம் ஒரு கைப்பிடி மணல் சேர்ந்து அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு இருந்தது. வள்ளிப்பிள்ளையின் கேற்றடியிலும் அப்படி ஒன்று உண்டு. தெருவில் வீணாக ஓடுகிற மழைத்தண்ணீரும் தோட்டத்துக்கு வரட்டும் என்று வினாயகமூர்த்தி அந்த மேட்டை வெட்டிச் சமப்படுத்தினார்.

"என்னத்துக்கு அத வெட்டுறீங்க? அது கிடந்த இடத்தில கிடக்கட்டும்" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"தண்ணி உள்ள வரட்டும் எண்டுதான்."

"எந்தத் தண்ணி வரும் எண்டு நமக்குத் தெரியுமா?"

அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

மற்றது, குழாய். பள்ளத்துத் தண்ணீர் தானாக நிலத்துக்குள் இறங்கித்தான் கிணற்றைச் சேர வேண்டும், பள்ளம் கிணற்றிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும் என்று உசாந்தி இரண்டு தரம் சொல்லியிருந்தாள். ஊறிப் போய்ச் சேர எத்தனை நாள் என்று வினாயகமூர்த்திக்குப் பொறுமையில்லை. பள்ளத்திலிருந்து மண்ணுக்குள்ளால் இரண்டு அங்குலக் குழாய் ஒன்றை எடுத்து, கிணற்றுக்கட்டைத் துளைத்து நேராக உள்ளே விட்டார். நடுவில் கரியும் மணலும் போட்ட ஒரு வாளி. வடித்துத்தானே போகிறது என்பது அவருடைய நியாயம். பொதுக்கிணறு, வள்ளிப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் பஸ் ஓட்டுகிறவர் வளைவில் பயணிகளைக் கேட்டா ஸ்டியரிங் திருப்புவார்?

கார்த்திகை மழையில் அவர் சீதேவிப்பிள்ளையைக் குடையோடு கூட்டிப்போய்க் கிணற்றுக்குள் தண்ணீர் விழுவதைக் காட்டினார். அவளுக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

"வள்ளிட்டக் கேட்டீங்களா?"

"சொல்லுவம், சொல்லுவம்."

அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வருடம் கிணறு நன்றாக ஊறியிருக்கிறது என்று வள்ளிப்பிள்ளை சந்தோசப்பட்டபோது, சீதேவிப்பிள்ளை வாளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். மார்கழியில் உசாந்தி வந்து தோட்டத்தைச் சுற்றிப் படமெடுத்தாள். பொங்கல் கழிந்ததும் பலகை வரும் என்றாள். மண்ணுக்கு மேலே கொஞ்சம் தெரிந்த குழாயைக் காட்டி, "இது எங்க போகுது ஐயா?" என்று கேட்டாள். "அது சும்மா, கூடின தண்ணி போக" என்றார். பொய் சொல்கிற அளவுக்கு அது பிழையென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு அதைப்பற்றி நினைக்காமல் விட்டதுதான் அவருடைய கெட்டித்தனம்.

மழை வெள்ளம் வடிய, ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டார்கள். வெட்டினால் ஆறு கடலுக்குப் போகும், மழை நின்றபிறகு கடல் ஆற்றுக்குள் வரும். தை மாதத்தில் ஆற்றுத்தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பூரணைப் பறுவ நாளில் காற்றும் சேர்ந்தால் அது கரையேறித் தெருவுக்கும் வரும், கேற்றடியில் முட்டி நிற்கும், மத்தியானம் வற்றிப் போகும். வருடா வருடம் நடப்பது. கேற்றைத் தாண்டி உள்ளே வந்ததில்லை என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தத் தைப் பறுவத்தில் வள்ளிப்பிள்ளையின் மகள் கிருஷாந்தினிக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டது. அவளுக்குத் தகப்பன் இல்லை, புருசன் கட்டாரில். அக்காவும் தங்கச்சியும் அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு வீட்டையும் பார்க்க வினாயகமூர்த்தி மட்டும் நின்றார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் தோட்டம் நிறையத் தண்ணீர். பள்ளம் முட்டி வழிய, வெட்டிவேருக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு நின்றது. முதலில் அவருக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. மழை பெய்யவில்லையே என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வல்லாரைக்கு மேலே இறால் குஞ்சு ஒன்று துள்ளியது. மனிதர் சாரத்தை மடித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துவாயை உருட்டி அதன் வாய்க்குள் அடைத்தார். வாளியைப் போட்டு அள்ளி வாயில் வைத்தார். சவர்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. சீதேவிப்பிள்ளையின் குரலில் அவ்வளவு சந்தோசம்.

"கிருஷாந்திக்குப் பொம்புளப்புள்ள! ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க. வெள்ளிக்கிழம துண்டு வெட்டி வீட்ட அனுப்புவாங்களாம். கிணத்தடியக் கழுவி வைங்க, வந்தவுடன புள்ளையக் குளிப்பாட்டணும். கேக்குதா?"

"ஓம்" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் என்ன செய்ய வேண்டும், முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்று சொல்லியிருப்பாள். அவருக்கு வெட்கம். வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் சரிப்படுத்திவிட்டால் யாருக்கும் தெரியத் தேவையில்லை என்று நினைத்தார். கெட்ட தண்ணீரை இறைத்துவிட்டால் நல்ல தண்ணீர் ஊறும், எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம் என்று நினைத்தார்.

இரண்டு வீடு தள்ளி ஜெயரூபன் இருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வட்டையில் வேளாண்மை செய்கிறவன், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் வைத்திருந்தான். அவன் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்காட்டக் கேட்டீங்களா அண்ணன்?"

"அவ ஆஸ்பத்திரியில நிக்கிறா. நீ மெசினத் தா, மற்றத நான் பாக்கிறன்."

தண்ணீர் தெருவிலிருந்து வற்றியதும் மெசினைப் போட்டார். முதல் தரம் அடி தெரிய இறைத்துவிட்டு ஊறவிட்டார். ருசி பார்த்தார், கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அந்த உற்சாகத்தில் இரண்டாம் தரம் இறைத்தார். மறுநாள் காலையில் மூன்றாம் தரம். அப்போது அடியிலிருந்து கறுத்த மணலோடு தண்ணீர் வந்தது. அள்ளி வாயில் வைத்தார். முதல் நாள் சவர்த்த தண்ணீர் இப்போது நாக்கைக் கடித்தது. கடலில் நின்று அள்ளியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மெசினை நிறுத்திவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்தார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு கோழியையும் அடிக்காமல் பஸ் ஓட்டிய கை.

வெள்ளி மத்தியானம் ஓட்டோ வந்தது. கிருஷாந்தினியும் பிள்ளையும் வள்ளிப்பிள்ளையும் அந்த வீட்டுக்குள் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் கால் முகம் கழுவாமல் வீட்டுக்குள் ஏறுவதில்லை. சீதேவிப்பிள்ளை நேராகக் கிணற்றடிக்குப் போனாள். வினாயகமூர்த்தி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு வாளி அள்ளி முகத்தில் அடித்தாள், வாய் கொப்பளித்தாள், அப்படியே நின்றாள். துப்பிவிட்டு, கீழே மணலில் மெசின் நின்ற தடத்தையும் சிந்திய எண்ணெயையும் பார்த்தாள். பிறகு குழாயில் அடைத்திருந்த துவாயைப் பார்த்தாள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"இறைச்சீங்களா?"

"ஆத்துத்தண்ணி உள்ள வந்திட்டு சீதேவி. அதான் இறைச்சா நல்லா வரும் எண்டு..."

"எத்தின தரம்?"

"மூணு."

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். "மேல நல்ல தண்ணி, கீழ உப்புத்தண்ணி. நம்மட கிணறு அப்பிடித்தான் நிக்கிது. மேல விழுந்த உப்ப மழை கழுவும். இறைச்சா அடியில இருக்கிறது ஏறி வந்திரும். சுனாமிக்கு ஒழுங்கையில எல்லாரும் மெசின் வச்சாங்க. நான் மட்டும் விடல்ல. வள்ளி அழுதாள், நான் வாளியத் தூக்கி ஒளிச்சி வச்சன். மூணு மாசம் ரெண்டு பேரும் அஞ்சு வீடு தள்ளிப் போய்த் தண்ணி சுமந்த."

"எனக்கு இது தெரியாதே."

"நீங்க கேக்கல்லயே" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வெளியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வள்ளிப்பிள்ளை வந்திருந்தாள். இரண்டு பேரும் வெளியே போவதற்குள் அவள் ருசி பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்னக்கா இது? கிணத்துக்கு என்ன நடந்தது? ஆர் மெசின் வச்ச?"

வினாயகமூர்த்தி வாயைத் திறந்தார். அதற்குள் சீதேவிப்பிள்ளை முன்னால் போனாள்.

"ஆறு ஏறிட்டு வள்ளி. நான்தான் போனில சொல்லி இறைக்கச் சொன்ன. நல்லா வரும் எண்டு நினைச்சிட்டன்."

"நீயா?"

"ஓம். நான்தான்."

வள்ளிப்பிள்ளை அத்தானைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். வினாயகமூர்த்தி திறந்த வாயை மூடினார். ஒரு வார்த்தை சொல்ல எத்தனையோ நேரம் இருந்தது. பச்சைப்பிள்ளைக்கு அன்று கடைப் போத்தல் தண்ணீரைச் சுடவைத்து உடம்பு துடைத்தார்கள்.

பத்து நாளில் வல்லாரை கருகியது. பிறகு பொன்னாங்காணி, பிறகு செவ்வரத்தை. பலகையோடு வந்த உசாந்தியை அவர் கேற்றிலேயே நிறுத்தி நடந்ததைச் சொன்னார். அந்தப் பிள்ளை அழாத குறையாகத் திரும்பிப் போனாள். குழாயைக் கிளறி எடுத்தார், துளையைச் சீமெந்தால் அடைத்தார். கேற்றடிக்கு மணல் அள்ளிக் கொட்டினார். இரண்டு நாளைக்கொரு தரம் சந்திக்கு வரும் பவுசர் லொறியில்தான் இப்போது இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்.

அதையெல்லாம் தாங்கலாம். அக்காவும் தங்கச்சியும் பேசாமல் இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கிணற்றடிக்கு இருவருமே வருவதில்லை. பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தபோது வள்ளிப்பிள்ளை முறைக்குச் சொல்லியனுப்பினாள், சீதேவிப்பிள்ளை முறைக்குப் போய் பிள்ளைக்குச் சங்கிலி போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பினாள். வந்து விறாந்தையில் இருந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைத் தொடவில்லை.

மாசியில் ஒரு காலை பவுசர் வரிசையில் வள்ளிப்பிள்ளை தண்ணீர்க் கான்களோடு நின்றாள். வினாயகமூர்த்தி பின்னால் வந்து நின்றார். அவளுடைய கான் நிறைந்ததும் அதைத் தூக்கித் தள்ளி வைத்தார். ஒரு மாதமாக நெஞ்சுக்குள் கிடந்ததை அப்போதுதான் சொன்னார்.

"வள்ளி, மெசின் வைக்கச் சொன்னது அக்கா இல்ல. நான்தான். கிணத்துக்குள்ள குழாய் விட்டு ஆத்துத்தண்ணிய வரப்பண்ணினதும் நான்தான்."

"அது அண்டைக்கே தெரியும் அத்தான்" என்றாள் அவள். "சுனாமிக்கு என்ட கையில இருந்து வாளியப் பறிச்சி ஒளிச்சவள் அவள். அவள் மெசின் வைக்கச் சொல்லுவாளா?"

"தெரிஞ்சா மறுகா ஏன் அவளோட கதைக்காம இருக்காய்? கோவத்த எனக்கிட்டக் காட்டு. அவள் சோறும் தின்னுறாள் இல்ல."

"கிணறு எப்பயோ ஒரு காலம் நல்லா வரும். மழை பெய்யும், வரும். அதுக்கு நான் உங்களோட கோவிக்கல்ல." வள்ளிப்பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. "அக்கா என்ட முகத்தப் பாத்துப் பொய் சொன்னாள். பொறந்ததில இருந்து ஒரு நாளும் எனக்கிட்டப் பொய் சொல்லாதவள். உங்கள நான் ஒண்டு சொல்லிப்போடுவன் எண்டு பயந்து, என்னைப் பிறத்தி ஆளாக்கிட்டாள்."

அவள் கானைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுத்த கானை வைக்கச் சொல்லிப் பவுசர்காரன் கத்தினான். வினாயகமூர்த்தி கான்களை நிரப்பினார், இரண்டு கையிலும் தூக்கினார், ஒழுங்கையில் நாலு அடி நடந்து நின்றார். வீட்டில் சீதேவிப்பிள்ளை தண்ணீருக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பொய் தங்கச்சிக்கு அன்றைக்கே தெரியும் என்பதை அவளிடம் சொல்வதா, விடுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.